மண்ணுக்கு வைத்தியம் பார்த்த கார்வர்

ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு குழந்தையை மீட்டார்கள்.

மீட்டு வந்தபோது குழந்தைக்குக் கடுமையான இருமல். மூச்சு விடவே திணறியது. பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. ஆனால், பிழைத்தது. வளர்ந்தது. படித்தது. செத்துக்கொண்டிருந்த நிலத்துக்கே வைத்தியம் பார்க்கும் பேராசிரியர் ஆயிற்று!

அவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அமெரிக்க நாட்டின் கறுப்பு இன விஞ்ஞானி. வேர்க்கடலையிலிருந்து நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்து காட்டியவர் என்று உலகம் அவரைப் புகழ்கிறது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றை அவர் செய்தார். கையில் காசு இல்லாத உழவனும் தன் நிலத்துக்குச் சத்து ஊட்ட முடியும் என்று காட்டினார்.

அடிமைக் குழந்தை

அமெரிக்காவில் மிசௌரி என்று ஒரு மாநிலம். அங்கே டைமண்ட் என்ற சிற்றூருக்கு அருகில் மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்காரக் குடியானவர் இருந்தார். அவரிடம் மேரி என்ற அடிமைப் பெண் வேலை செய்தாள். 1864-ஆம் ஆண்டு வாக்கில் மேரிக்கு ஒரு மகன் பிறந்தான். அவனே ஜார்ஜ். அடிமைகளின் பிறந்த நாளை அந்தக் காலத்தில் யார் குறித்து வைத்தார்கள்? ஆகவே, அவர் பிறந்த தேதி அவருக்கே தெரியாது.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. போரைச் சாக்காக வைத்துக் கொள்ளைக் கூட்டங்கள் திரிந்தன. ஒருநாள் அப்படி ஒரு கூட்டம் வந்தது. மேரியையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றது. அவர்களைத் தேடி மோசஸ் ஓர் ஆளை அனுப்பினார். அந்த ஆள் குழந்தையோடு மட்டும் திரும்பினான். தாய் என்ன ஆனாள் என்பது கடைசிவரை தெரியவில்லை. குழந்தையை மீட்டுக் கொடுத்தவனுக்கு மோசஸ் ஒரு நல்ல குதிரையைப் பரிசாகக் கொடுத்தார் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிய செய்தி.

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. தாயற்ற ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் மோசஸும் அவர் மனைவி சூசனும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள்.

ஜிம் திடமானவன்; வயல் வேலைக்குப் போனான். ஜார்ஜ் நோஞ்சான். அதனால் வீட்டு வேலை அவன் பங்குக்கு வந்தது. சமைத்தான், துவைத்தான், தையலும் பின்னலும் கற்றான். மற்ற நேரமெல்லாம் செடிகளோடுதான். வாடிய செடியைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. அதற்கு நிழல் போதவில்லையா, வெயில் போதவில்லையா, மண் சரியில்லையா என்று ஆராய்வான். இடம் மாற்றி நடுவான். செடி தளிர்க்கும். அக்கம்பக்கத்தார் அவனைச் செடி வைத்தியன் என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

மூடிய கதவுகள்

ஜார்ஜுக்குப் படிக்க ஆசை. ஆனால், உள்ளூர்ப் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. நியோஷோ என்ற ஊரில் அவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருந்தது. சிறுவன் தன்னந்தனியாக அந்த ஊருக்குப் புறப்பட்டான்.

அங்கே மரையா வாட்கின்ஸ் என்ற அம்மாள் அவனுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தாள். பிள்ளை இல்லாத அந்த அம்மாள் மருத்துவச்சி. மூலிகைகளை அறிந்தவள். கற்கக்கூடியதையெல்லாம் கற்றுக்கொள், கற்றதைக் கொண்டுபோய் நம் மக்களுக்குக் கொடு என்று அவள் சொன்ன புத்திமதியை ஜார்ஜ் ஆயுள் முழுதும் மறக்கவில்லை.

பிறகு கான்ஸாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகத் திரிந்தார். சமையல் வேலை செய்தார். துணி வெளுத்தார். இடையிடையே படித்து உயர்நிலைப் பள்ளியை முடித்தார். ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்தது. மகிழ்ச்சியோடு போய் நின்றார். ஆளைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் வெள்ளையர் அல்லர் என்பது கடிதத்தில் தெரியவில்லை, அதுதான் காரணம்!

மனம் உடைந்தாலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. சில ஆண்டுகள் கான்ஸாஸ் சமவெளியில் உழுது பிழைத்தார். 1890-இல் அயோவா மாநிலத்தின் சிம்சன் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். அவர் வரைந்தவை பெரும்பாலும் செடிகளும் பூக்களும்தான். இதைக் கவனித்த ஓவிய ஆசிரியை எட்டா பட், செடிகளைப் பற்றியே படிக்கும்படி அவரைத் தூண்டினார். 1891-இல் ஏம்ஸ் நகரத்து விவசாயக் கல்லூரியில் கார்வர் சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பு மாணவர் அவரே. 1894-இல் ஒரு பட்டம். 1896-இல் மேல்பட்டம். அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது. நல்ல ஆய்வுக்கூடம், நல்ல நூலகம், மதிப்பு வைத்த தோழர்கள். வாழ்வு நிலைபெற்றுவிட்டது என்றே தோன்றியது.

ஒரு கடிதம் வந்தது

அந்த நேரத்தில்தான் அலபாமாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் புக்கர் டி. வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர். டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பு மக்களுக்காக ஒரு கல்விக் கழகம் நடத்தி வந்தார். அங்கே விவசாயத் துறையை நடத்தக் கார்வரை அழைத்தார்.

மரையா அம்மாளின் புத்திமதி கார்வருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வசதியான வேலையை விட்டார். 1896-இல் டஸ்கீகிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஆய்வுக்கூடம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கார்வர் மாணவர்களைக் குப்பைமேட்டுக்கு அழைத்துப் போனார். உடைந்த பாட்டில்கள், பழைய டப்பாக்கள், கம்பித் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி வந்தார்கள். அவற்றைக் கொண்டே ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது!

மண்ணுக்கு வந்த நோய்

குப்பைமேட்டில் ஆய்வுக்கூடம் கிடைத்தது. நல்ல நிலத்துக்கு எங்கே போவது?

அலபாமாவில் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி ஒன்றையே பயிரிட்டு வந்தார்கள். பருத்தி வரிசைகளுக்கு இடையே மண் வெறுமையாகக் கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மேல்மண் கரைந்து ஓடியது. மேல்மண்ணோடு மக்கும் போயிற்று, சத்தும் போயிற்று. மிஞ்சியது மணலும் களியும். சில வயல்களில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

மண்ணைப் போலவே மனிதர்களும் இளைத்திருந்தார்கள். பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. வாரத்துக்கு உழுதார்கள். விதை கடன். கோவேறு கழுதை கடன். சோள மாவும் உப்பிட்ட பன்றிக்கறியும்கூடக் கடன்தான். அறுவடை ஆனதும் நிலக்காரரும் கடைக்காரரும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். உழவனுக்குக் கணக்குத்தான் மிஞ்சும்; அதுவும் கடன் கணக்கு.

இளைத்த நிலத்தில் கடை உரம் போடாமல் பருத்தி விளையாது. உரத்தையும் கடனாகவே வாங்கினார்கள். விலை விழுந்தாலோ மழை பொய்த்தாலோ உரக் கடன் அடுத்த ஆண்டுக்கும் தொடர்ந்தது. நிலத்துக்கு இட்ட உரம் உழவன் கழுத்தில் கயிறாகச் சுற்றிக்கொண்டது!

பேராசிரியர் கற்ற பாடம்

கார்வரும் தொடக்கத்திலேயே சரியான வழியைக் கண்டுவிடவில்லை. அயோவாவின் செழிப்பான மண்ணில் கற்ற முறைகளோடு வந்தவர் அவர். ஆழ உழுவதற்கு இரட்டைக் கலப்பை, கடை உரம் என்று அவர் சோதனைகள் தொடங்கின. அதில் விளைச்சல் கூடியது உண்மைதான்.

ஆனால், சோதனை வயலை விட்டுக் கிராமங்களுக்குள் போய்ப் பார்த்தார். ஒற்றைக் கோவேறு கழுதைக்கே கடன்பட்டவன் இரட்டைக் கலப்பைக்கு எங்கே போவான்? அரை மூட்டை உரத்துக்கே தவணை கேட்பவனிடம் நாலு மூட்டை போடச் சொல்வதில் என்ன பொருள்? வைத்தியம் சரியாக இருக்கலாம். நோயாளியால் மருந்தை வாங்க முடியாது என்றால் அது எப்படி வைத்தியம் ஆகும்?

அன்று முதல் அவர் ஆராய்ச்சி திசை மாறியது. அதிக விளைச்சலுக்கு வழி எது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஒரு காசும் இல்லாதவன் நாளைக் காலையில் செய்யத் தொடங்கக்கூடிய வழி எது என்று கேட்டார். விடை அவர் காலடியிலேயே கிடந்தது.

காட்டில் கிடந்த உரம்

கார்வர் விடியுமுன் நாலு மணிக்கே எழுந்து காட்டுக்குள் உலாவப் போவார். காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை. இருந்தும் மரங்கள் செழித்து நிற்கின்றன. எப்படி? உதிர்ந்த இலை அங்கேயே மக்கி, வேருக்கே உணவாகத் திரும்புகிறது. வயலில் மட்டும் மனிதன் எடுத்துக்கொண்டே இருக்கிறான், திருப்பித் தருவதில்லை.

ஆகவே, இலைகளை வாரி வரச் சொன்னார் கார்வர். சதுப்பு நிலத்தில் படிந்திருந்த கறுப்புச் சேற்றை அள்ளி வரச் சொன்னார். நம் ஊரில் குளத்து வண்டலை அடிக்கிறோமே, அதைப் போல. கட்டைகளால் ஒரு பட்டி கட்டி, இலை ஓர் அடுக்கு, சேறு ஓர் அடுக்கு, தொழுவத்து எரு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பரப்ப வேண்டும். மேலே ஒரு கூரை போட வேண்டும். கூரை எதற்கு? மழைநீர் புகுந்தால் எருவின் சத்து கரைந்து ஓடிவிடும். குளிர்காலத்தில் வயலில் வேலை இராது. அந்த நாட்களில் சேர்த்து வைத்தால் விதைப்பு வரும்போது எரு தயாராக இருக்கும். செலவு? உடல் உழைப்பு மட்டுமே.

இத்தகைய எரு பயிருக்கு உணவு தருகிறது, மண்ணையும் திருத்துகிறது. மணலில் ஈரம் நிற்க உதவுகிறது. களியை இளக்குகிறது. மழை மண்ணை எளிதில் அரித்துப் போக விடுவதில்லை. வெறும் உப்பு உரத்தால் ஆகாத காரியம் அது.

வேரில் ஒரு தொழிற்சாலை

இரண்டாவது வழி பயறு.

ஒரு தட்டைப்பயற்றுச் செடியையோ வேர்க்கடலைச் செடியையோ மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அது நோய் என்று பலர் எண்ணுவதுண்டு. அது நோய் அல்ல; தொழிற்சாலை!

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். இதுவே பயிருக்கு வேண்டிய தழைச்சத்தின் மூலப்பொருள். ஆனால், காற்றில் இருப்பதை நெல்லோ பருத்தியோ நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பயற்றின் வேர் முடிச்சில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. கூலியாகச் செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கும் சத்து, இங்கே காற்றிலிருந்து இலவசமாக வருகிறது.

பருத்தியை நிறுத்தி நிறுத்திப் பயிரிடுங்கள்; இடையில் தட்டைப்பயறு போடுங்கள்; வேர்க்கடலை போடுங்கள் என்றார் கார்வர். தட்டைப்பயற்றை மடக்கி உழுதால் நிலத்துக்கு லாபம் அதிகம். வேர்க்கடலையைச் செடியோடு பிடுங்கிக் கொண்டுபோய்விட்டால் அத்தனை லாபம் இராது. கடலைக் கொடியை மாட்டுக்குப் போட்டு, அதன் சாணத்தை வயலுக்குத் திருப்ப வேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடு என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கார்வர் கடை உரத்தின் பகைவர் அல்லர். அவர் ரசாயனம் படித்தவர். பயறு தழைச்சத்தைத் தருமே தவிர, மண்ணில் இல்லாத மணிச்சத்தை உண்டாக்காது என்பது அவருக்குத் தெரியும். மண்ணைச் சோதித்து, எது குறைகிறது என்று பார்த்து, வீட்டில் கிடைப்பதை முதலில் இட வேண்டும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் அதை மட்டும் வாங்க வேண்டும்.

1905-இல் இளைத்த நிலத்தை எப்படித் தேற்றுவது என்பதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இப்படி அவர் எழுதிய சிறு நூல்கள் நாற்பதுக்கு மேல். உழவருக்கும் இல்லத்தரசிக்கும் விளங்கும்படி எளிய சொற்களில் எழுதினார்.

வண்டி ஏறி வந்த பள்ளிக்கூடம்

எழுத்தறியாதவர்கள் என்ன செய்வார்கள்? டஸ்கீகியில் மாதந்தோறும் உழவர் கூட்டம் நடந்தது. ஆனால், தொலைவில் இருந்தவர்களால் வர முடியவில்லை. உழவர் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி உழவரிடம் போகட்டும் என்று முடிவாயிற்று.

1906-இல் ஒரு வண்டி தயாராயிற்று. பணம் கொடுத்த நியூயார்க் செல்வர் மாரிஸ் ஜெசப்பின் பெயரால் அது ஜெசப் வண்டி எனப்பட்டது. கலப்பைகள், விதைகள், உர மாதிரிகள், வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் அதில் ஏறின. கோவேறு கழுதைகள் இழுத்தன. அதே ஆண்டில் டஸ்கீகி மாணவர் தாமஸ் கேம்பெல் அரசாங்க விவசாயப் பணியாளராக நியமிக்கப்பட்டு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். கிராமத்தில் வண்டி நிற்கும். யாராவது ஒருவருடைய நிலத்திலேயே உழுது காட்டுவார்கள். பேச்சைவிடக் கண்ணால் கண்டது மனத்தில் பதிந்தது.

கடலையும் புகழும்

1910 வாக்கில் பருத்திக்காய் வண்டு அலபாமாவுக்குள் புகுந்தது. பருத்தியை நம்பியிருந்தவர்கள் கலங்கினார்கள். அப்போது பல வட்டாரங்கள் வேர்க்கடலைக்கு மாறின. என்டர்பிரைஸ் என்ற ஊரில், கடலைக்கு மாறிச் செழித்த மக்கள் 1919-இல் அந்த வண்டுக்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்! இந்த மாற்றம் முழுவதும் கார்வரால் வந்தது என்று சொல்ல முடியாது. வண்டும் சந்தை விலையும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆனால், அதற்கு முன்பே கடலையின் நன்மையைச் சொல்லி வந்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

விளைந்த கடலையை என்ன செய்வது? 1916-இல் கடலையைச் சமைக்க நூற்றைந்து முறைகளைச் சொல்லும் சிறு நூலை அவர் வெளியிட்டார். கடலைப் பால், எண்ணெய், சாயம் என்று ஆய்வுக்கூடத்தில் பலவும் செய்து பார்த்தார். அவற்றுள் பெரும்பாலானவை கடைக்கு வரவில்லை. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவரும் அவர் அல்லர். பலர் அப்படி நினைப்பது தவறு.

1921-இல் அமெரிக்கச் சட்டசபைக் குழு ஒன்று இறக்குமதிக் கடலைக்கு வரி போடுவது பற்றி விசாரித்தது. கார்வருக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். முதலில் சிலர் கேலி செய்தார்கள். அவர் பெட்டியைத் திறந்து பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கேலி அடங்கியது. பத்து நிமிடம் என்ற கணக்கையே மறந்து கேட்டார்கள். அன்று முதல் அவர் பெயர் நாடெங்கும் பரவியது.

முடிந்ததும் முடியாததும்

எல்லா உழவரும் கார்வர் சொன்னபடி செய்தார்களா? இல்லை. செய்ய விருப்பம் இல்லாமல் அல்ல. பருத்தி போட்டால்தான் கடன் கொடுப்பேன் என்றார் கடைக்காரர். அடுத்த ஆண்டு வேறொருவனுக்கு விடப்போகும் நிலத்தை இந்த ஆண்டு பாடுபட்டுத் திருத்துவானேன் என்று எண்ணினான் வாரக்குடி. தன்னுடையது அல்லாத மண்ணைப் பேண யாருக்கு மனம் வரும்? எருவும் பயறும் மட்டும் இந்தத் தளையை அறுத்துவிடவில்லை. ஆனால், சிறு துண்டு நிலமாவது சொந்தமாக வைத்திருந்தவர்களுக்கு அவர் சொன்ன முறைகள் கடனைக் குறைக்க ஒரு வழியைக் காட்டின.

கார்வர் மணம் செய்துகொள்ளவில்லை. பழைய கோட்டுத்தான் அணிவார். ஆனால், அதில் நாள்தோறும் ஒரு புதிய பூ இருக்கும். ஏறத்தாழ 47 ஆண்டுகள் டஸ்கீகியிலேயே உழைத்தார். சம்பளத்தைச் சேர்த்து வைத்த பணம் முழுவதையும் ஆராய்ச்சிக்காக ஏற்படுத்திய அறநிலையத்துக்கே எழுதி வைத்தார். 1943 ஜனவரி 5-ஆம் நாள் காலமானார். தம்மை அழைத்து வந்த புக்கர் வாஷிங்டனின் கல்லறை அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு அவர் பிறந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கறுப்பு இனத்தவர் ஒருவருக்கு அமெரிக்காவில் அந்தச் சிறப்பு கிடைத்தது அதுவே முதல் முறை.

இன்று உரத்தில் குறைவு மட்டும் இல்லை, மிகுதியும் உண்டு. தேவைக்கு மேல் இடும் தழைச்சத்து மழையோடு ஓடி ஆற்றையும் கிணற்றையும் கெடுக்கிறது. பணமும் வீணாகிறது. ஆகவே, மண்ணைச் சோதித்துப் பார், வீட்டில் உள்ள எருவை முதலில் இடு, பயறு மாற்றிப் போடு, குறைவதை மட்டும் வாங்கு என்ற முறையைத்தான் இன்றைய விஞ்ஞானமும் சொல்கிறது. கடனில் மூழ்கிய உழவர்களுக்கு நடுவே நின்று கார்வர் கண்டதும் அந்த வழிதான்.